திருச்சி – யாழ்ப்பாணம் விமானப் பயணம்: 184 கிலோமீட்டருக்கு ஏன் அரை நாள் ஒதுக்க வேண்டும்?

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று இணையத்தில் தேடினால் மூன்று விடை கிடைக்கும். தூரம் கணக்கிடும் தளம் கால் மணி நேரம் என்று சொல்லும். டிக்கெட் விற்கும் தளம் ஒரு மணி நேரம் என்று காட்டும். போய்வந்தவரைக் கேட்டால் "அரை நாள் போயிடுச்சு" என்பார். மூவரும் பொய் சொல்லவில்லை, வேறு வேறு நேரத்தை அளக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது மூன்றாவது விடை. அதை எப்படிக் கணக்கிடுவது, எந்தக் காகிதம் இல்லாமல் போனால் கவுண்டரிலேயே நின்றுவிடுவீர்கள், பணம் எங்கே தேவையில்லாமல் கரையும் என்பதைக் கிளம்பும் வரிசையிலேயே சொல்கிறேன்.

1. முதலில், உங்கள் தேதியில் நேரடி விமானம் இருக்கிறதா?

திருச்சி – யாழ்ப்பாணம் நேரடி விமானத்தை இண்டிகோ 2025 மார்ச் 30-ஆம் தேதி தொடங்கியது. சென்னை – யாழ்ப்பாணம் தடத்தில் அதே நிறுவனம் 2024 செப்டம்பர் 1 முதல் பறக்கிறது. அதற்கு முன்பிருந்தே அங்கே அலையன்ஸ் ஏர் பறந்தது. ஆனால் இவை சிறிய தடங்கள். இன்று தினசரி என்று இருப்பது அடுத்த பருவத்தில் வாரத்துக்கு நான்கு நாளாகலாம், நின்றும் போகலாம். ஆறு மாதத்துக்கு முன் யாரோ எழுதியதை நம்பி விடுப்பு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உங்கள் தேதியைப் போட்டுப் பாருங்கள்.

உலகம் முழுக்க விமான அட்டவணை ஆண்டுக்கு இரண்டு முறை மாறும். கோடை அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கும், குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறு தொடங்கும். (2025 மார்ச் 30 ஒரு ஞாயிறு. புதிய தடங்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.) போவது அக்டோபர் நடுவில், திரும்புவது நவம்பர் தொடக்கத்தில் என்றால் இரண்டும் வேறு வேறு அட்டவணையில் விழுகின்றன. போகும் விமானத்தின் நேரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் விமானமும் அதே நேரம்தான் என்று முடிவு கட்டாதீர்கள். டிக்கெட் எடுத்த பிறகும் நேரம் மாறலாம். அதற்கான செய்தி நீங்கள் கொடுத்த கைப்பேசி எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும்தான் வரும். முகவரிடம் டிக்கெட் எடுத்தால் அவருடைய எண்ணைப் போட்டுவிடுவார். உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள்.

தேடும்போது நேரடி விமானம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் திருச்சி – சென்னை – யாழ்ப்பாணம் என்று இரண்டு விமானத்தைக் கோர்த்து ஐந்து, ஆறு மணி நேரப் பயணத்தைத் தளம் முதல் வரிசையில் காட்டும். சென்னையில் உள்நாட்டு முனையத்தில் இறங்கிப் பன்னாட்டு முனையத்துக்கு மாற வேண்டும் என்பதையும் சிறிய எழுத்தில்தான் போட்டிருக்கும்.

2. தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்கிடுவது

இதற்குப் பெரிய கணிதம் வேண்டாம். திருச்சி விமான நிலையம் 10.765 பாகை வடக்கு, 78.710 பாகை கிழக்கில் இருக்கிறது. யாழ்ப்பாணம் விமான நிலையம், ஊர்வழக்கில் பலாலி, 9.792 வடக்கு, 80.070 கிழக்கில். அட்சரேகையில் (வடக்கு–தெற்கு) வித்தியாசம் 0.973 பாகை. நம் பக்கம் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர் என்பதால் அது 108 கிலோமீட்டர். தீர்க்கரேகையில் (கிழக்கு–மேற்கு) வித்தியாசம் 1.36 பாகை. இந்த அட்சரேகையில் அது பாகைக்கு 109.5 கிலோமீட்டர், ஆக 149 கிலோமீட்டர். இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 184 கிலோமீட்டர், கடல் மைலில் 99. இவ்வளவு குறுகிய தூரத்தில் பூமியின் வளைவைக் கணக்கில் சேர்த்தாலும் விடை பெரிதாக மாறாது. சென்னைக்கும் பலாலிக்கும் இதே கணக்கில் 354 கிலோமீட்டர் வரும்.

சில தளங்கள் விமான நிலையத்திலிருந்து அளக்காமல் ஊரின் நடுவிலிருந்து அளக்கும். பலாலி யாழ்ப்பாண நகரத்துக்கு வடகிழக்கே நேர்கோட்டில் 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தளத்துக்குத் தளம் எண் கொஞ்சம் மாறுவது அதனால்தான்.

அடுத்தது நேரம். அந்தத் தளங்கள் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் ஜெட் என்று வைத்து வகுத்துவிடுகின்றன. 184-ஐ 800-ஆல் வகுத்தால் 14 நிமிடம். இந்தத் தடத்தில் பறப்பது ஏ.டி.ஆர். 72 என்ற காற்றாடி விமானம், அதன் உச்ச வேகமே மணிக்கு 500 கிலோமீட்டர் சுற்றி. சரியான கணக்கு இது:

தூரத்தை 500-ஆல் வகுத்தால் 22 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, இறங்குவதற்கு முன் ஓடுபாதைக்கு நேராக வரச் சுற்றவும் வேண்டும், அதற்கு 12 முதல் 15 நிமிடம். இதுவரை வானில் இருக்கும் நேரம், 35 முதல் 40 நிமிடம். கதவடைத்தபின் ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும் இறங்கியபின் நிறுத்துமிடம் வருவதும் சேர்ந்து 10 முதல் 15 நிமிடம். ஆக ஐம்பது நிமிடம் சுற்றி. நிறுவனம் அதன்மேல் சில நிமிடம் கையிருப்பு வைத்து டிக்கெட்டில் ஒரு மணி நேரம் என்று அச்சிடும். சென்னையிலிருந்து என்றால் 42, 15, 15 என்று கூட்டிப் பாருங்கள், ஒன்றேகால் மணி நேரம் வரும்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே மணிதான். அதனால் டிக்கெட்டில் இருக்கும் இறங்கும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தை அப்படியே கழித்துக்கொள்ளலாம். சிங்கப்பூர், துபாய் பயணத்துக்குப் பழகியவர்கள் இங்கேயும் கைக்கடிகாரத்தைத் திருப்பப் பார்ப்பார்கள். வேண்டாம்.

வீட்டுக்கு வீடு கணக்கு இப்படி: விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக, விமானம் ஒரு மணி நேரம், பலாலியில் இமிகிரேஷனும் பையும் முக்கால் மணி நேரம், நகரத்துக்குச் சாலையில் முக்கால் மணி நேரம். ஐந்தரை மணி ஆகிவிட்டது. தஞ்சாவூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ திருச்சிக்கு வரும் நேரத்தை இதன்மேல் போடுங்கள்.

3. திருச்சியா, சென்னையா, கொழும்பா, கப்பலா?

காவிரிப் படுகை, புதுக்கோட்டை, மதுரை, திண்டுக்கல் பக்கம் இருப்பவர்களுக்குத் திருச்சி. சென்னைக்காரர்கள் டிக்கெட் நூறு இருநூறு குறைகிறதே என்று திருச்சிக்கு வருவதில் பொருளில்லை. சாலையில் 330 கிலோமீட்டர் வந்து 184 கிலோமீட்டர் பறப்பதற்குச் சென்னையிலேயே ஏறிவிடலாம்.

திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் கொழும்பு போய் அங்கிருந்து யாழ்ப்பாணம் போவது வரைபடத்தில் நன்றாகத் தெரியும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சாலைவழி ஏறத்தாழ 400 கிலோமீட்டர். இரவுப் பேருந்தில் எட்டு மணி நேரம், ரயிலிலும் அதற்குச் சற்று முன்பின். கொழும்பில் வேலை இருந்தால் மட்டும் அந்த வழி. டிக்கெட்டில் மிச்சம் பிடித்த பணம் பேருந்திலும் ஓர் இரவு அறையிலும் போய்விடும்.

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வடக்கே உள்ள காங்கேசன்துறைத் துறைமுகத்துக்குப் போகும் கப்பல் வேறு கணக்கு. கடலில் நான்கு மணி நேரம் சுற்றி, அதற்கு முன் நாகப்பட்டினம் வரை போக வேண்டும். சாமான் நிறைய இருப்பவர்களுக்கு அது தோதானது. ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் மாதக்கணக்கில் நிறுத்திவிடுகிறார்கள். திருமணம், இழவு, அந்தியேட்டி (இறந்த 31-ஆம் நாள் கிரியை) என்று தேதி தவறக்கூடாத காரியத்துக்குக் கப்பலை நம்பாதீர்கள்.

4. பாஸ்போர்ட்டும் பெயரும்

பாஸ்போர்ட் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். ஐந்து மாதம் இருபத்தைந்து நாள் என்றாலும் செக்-இன் கவுண்டரில் நிறுத்திவிடுவார்கள், இலங்கை அதிகாரியைப் பார்க்கும் வரைக்கும்கூடப் போக முடியாது. குழந்தைக்குத் தனிப் பாஸ்போர்ட் வேண்டும், கைக்குழந்தைக்கும்.

நம் ஆட்களுக்குத் தலைவலி பெயரில்தான். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, ஆனால் டிக்கெட் தளம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டு இரண்டையும் நிரப்பச் சொல்லும். உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் வரி காலியாக இருந்து, பெயர் வரியில் 'முருகேசன்' என்று ஒரே சொல் இருக்கிறது என்று வையுங்கள். பலரும் ஆதாரில் இருப்பதுபோல இரண்டாவது கட்டத்தில் 'கே' என்று இனிஷியலைப் போட்டுவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத எழுத்து டிக்கெட்டில் வந்துவிட்டது, கவுண்டரில் கேள்வி தொடங்கிவிடும். ஒற்றைப் பெயருக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு முறை வைத்திருக்கிறது. ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வது பரவலான முறை. பணம் கட்டுவதற்கு முன் அவர்களுடைய உதவிப் பக்கத்தில் பாருங்கள், அல்லது போன் போட்டுக் கேளுங்கள். பணம் கட்டிய பிறகு எழுத்தைத் திருத்தக் கட்டணம் உண்டு, சில வேளை டிக்கெட்டையே ரத்து செய்து புதிதாக எடுக்க வேண்டி வரும்.

பாஸ்போர்ட்டில் பெயர் வரியில் தகப்பனார் பெயரும் சேர்ந்து இரண்டு சொல்லாக இருந்தால், அந்த இரண்டையும் பிரித்து இரண்டு கட்டத்தில் போடுவது பொதுவாகப் பிரச்சினை தருவதில்லை. எழுத்து ஒன்றும் கூடக் கூடாது, குறையக் கூடாது. அதுதான் விதி.

5. இ.டி.ஏ. என்னும் நுழைவு அனுமதி

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இலங்கைக்குச் சுற்றுலாவாகப் போக இணையத்தில் இ.டி.ஏ. எடுக்க வேண்டும். இதன் கட்டணத்தைச் சில ஆண்டுகளாகப் பல முறை மாற்றிவிட்டார்கள். இந்தியர்களுக்கு இலவசம் என்று அறிவித்த காலமும் உண்டு. அந்த இலவசச் செய்தியைப் படித்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் விமான நிலையம் போவதுதான் பெரிய தவறு. கட்டணம்தான் இல்லை, விண்ணப்பம் அப்போதும் வேண்டியிருந்தது. எனவே கிளம்பும் வாரத்தில் இலங்கைக் குடிவரவுத் துறையின் தளத்தைத் திறந்து அன்றைய விதியையும் கட்டணத்தையும் பாருங்கள்.

அரசுத் தளத்தின் முகவரி 'கவ் டாட் எல்கே' என்று முடியும். தேடுபொறியில் மேலே விளம்பரமாக வருபவை பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள். கொடியும் சின்னமும் அப்படியே இருக்கும். அரசுக் கட்டணத்தின்மேல் தங்கள் சேவைக் கட்டணத்தைப் போட்டு வாங்கிவிடுவார்கள். நீங்கள் அரசுத் தளத்தில் பத்து நிமிடத்தில் செய்யும் வேலை இது.

நிரப்பும்போது பாஸ்போர்ட் எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஓர் ஆங்கில எழுத்து, பிறகு ஏழு இலக்கம். அந்த ஏழில் வட்டமாகத் தெரிவதெல்லாம் பூஜ்யம்தான், 'ஓ' என்ற எழுத்து வராது. ஓர் எழுத்து பிசகினாலும் அந்த அனுமதி வேறு யாருக்கோ எடுத்ததாகிவிடும். தங்கும் இடத்து முகவரி கேட்பார்கள். உறவினர் வீடு என்றால் வீட்டு எண், வீதி, ஊர் முழுதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 'யாழ்ப்பாணம்' என்று மட்டும் எழுதினால் போதாது. அனுமதி மின்னஞ்சலில் வரும். நிறையப் பேருக்குச் சில மணி நேரத்தில் வந்துவிடுகிறது, ஆனாலும் மூன்று நான்கு நாள் இடைவெளி விடுங்கள். வந்ததும் அச்சடித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் இருக்கிறதே என்பீர்கள். பலாலியில் இறங்கியதும் சார்ஜும் நெட்டும் ஒன்றாகத் தீர்ந்துபோவது அபூர்வமான காட்சி அல்ல.

திரும்பும் டிக்கெட்டின் அச்சுப்படியும் கூட வேண்டும். அது இல்லாதவரை விமானத்தில் ஏற்றவே தயங்குவார்கள்.

எதிர்த்திசையில் வருபவர்களுக்கு: இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு இந்திய இ-விசா உண்டு, அதை ஏற்கும் விமான நிலையங்களில் சென்னையும் திருச்சியும் இருக்கின்றன. பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசாவுக்கு யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. 2025 அக்டோபர் 1 முதல் இந்தியாவுக்குள் வரும் வெளிநாட்டவர் இ-அரைவல் படிவத்தையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் செய்தால் போதும், கட்டணம் இல்லை.

கனடா, லண்டன், பிரான்ஸ் பாஸ்போர்ட்டில் வரும் உறவுகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 30 நாள் இந்திய இ-சுற்றுலா விசாவில் இரண்டு முறைதான் நுழையலாம். சென்னையில் இறங்குவது ஒன்று, யாழ்ப்பாணம் போய்த் திருச்சிக்குத் திரும்புவது இரண்டு. அத்தோடு முடிந்தது. நடுவில் இன்னொரு முறை போய்வரும் எண்ணம் இருந்தால் ஓராண்டு விசா எடுங்கள், அதில் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை.

தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்தக் கட்டுரை போதாது. வெளியேறும் அனுமதியும் இலங்கைப் பயண ஆவணமும் கையில் வராமல் டிக்கெட் எடுக்க வேண்டாம். சென்னையில் இருக்கும் இலங்கைத் துணை உயர்தானிகராலயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

6. டிக்கெட்டும் செலவும்

குறுகிய தூரம், மலிவாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். விமானக் கட்டணத்தில் கிலோமீட்டர் ஒரு பகுதிதான். விமான நிலையக் கட்டணமும் வரிகளும் 184 கிலோமீட்டருக்கும் இருக்கும், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் இருக்கும். தளத்தின் முதல் பக்கத்தில் தெரியும் தொகையை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துத் தொகையை ஒப்பிடுங்கள். போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட் என்று தனித்தனியாகவும் விலை பாருங்கள்.

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாள், ஜூலை கடைசிக்கும் செப்டம்பர் நடுவுக்கும் இடையில் வரும். எழுபது சொச்சம் இருக்கை உள்ள விமானத்தில் அந்த நாட்களில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். புலம்பெயர்ந்தோர் கோடை விடுமுறைக்கு வரும் ஜூலை, ஆகஸ்டும் அப்படியே. தேர், தீர்த்தத்துக்குப் போகிறவர்கள் இரண்டு மாதம் முன்பே எடுத்துவிடுங்கள்.

இருக்கை எது? ஏ.டி.ஆர். விமானத்தில் பயணிகள் ஏறி இறங்குவது பின்கதவு வழியாக. முன்பகுதியில் சாமான் அறை இருக்கிறது. பெரிய விமானப் பழக்கத்தில் கூடுதல் பணம் கட்டி முதல் வரிசை எடுப்பவர்தான் இதில் கடைசியாக இறங்குவார், இமிகிரேஷன் வரிசையிலும் கடைசியில் நிற்பார். பின்வரிசை எடுங்கள். காற்றாடி முன்பகுதிக்கு அருகே சுழல்வதால் இரைச்சலும் பின்னால் குறைவு. இறக்கை தலைக்கு மேல் இருப்பதால் எந்த ஜன்னலிலும் கீழே தெரியும். நேர்கோட்டில் பார்த்தால் பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம் பக்கம் கரை முடிகிறது. பாதித் தூரம் தரை, பாதி கடல். போகும்போது இடப்பக்கம் கோடியக்கரை முனை, இறங்கும் நேரத்தில் வலப்பக்கம் யாழ்ப்பாணத் தீவுகள். மதிய விமானம் என்றால் வலப்பக்கம் வெயில் அடிக்கும்.

மழைக்காலத்தை விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் முதலில் தடைபடுவது இப்படிப்பட்ட சிறிய விமானங்கள்தான். இந்திய விதிப்படி இவ்வளவு குறுகிய விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சிற்றுண்டி தர வேண்டும். ரத்தானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். ஆனால் காரணம் வானிலை என்றால் அதற்குமேல் இழப்பீடு கிடையாது. திரும்பும் அதே மாலையில் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குத் தனி டிக்கெட் எடுத்து வைத்திருந்தால், தவறவிட்ட சிங்கப்பூர் டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். இடையில் ஓர் இரவாவது விடுங்கள்.

7. பை கட்டுவது

எத்தனை கிலோ என்று பொதுவாகக் கேட்காதீர்கள், உங்கள் டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் எண் எது என்று பாருங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம், டிக்கெட் வகைக்கு வகை மாறும். கூடுதல் கிலோவை முன்கூட்டி இணையத்தில் வாங்கினால் விலை குறைவு, கவுண்டரில் கிலோவுக்கு இவ்வளவு என்று தீட்டிவிடுவார்கள். வீட்டில் எடை பார்க்கும்போது ஒரு கிலோ குறைவாகவே நிறுத்துங்கள், உங்கள் தராசும் அவர்கள் தராசும் ஒன்றுபோல் பேசாது.

கைப்பை 7 கிலோ. இந்த விமானத்தில் தலைக்கு மேல் உள்ள தட்டு சிறியது. பெரிய விமானத்தில் எளிதாக நுழையும் உருளைப்பெட்டி இதில் நுழையாது, ஏணிப்படியில் வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். மருந்து, நகை, காகிதங்களை அதற்குள் ஒரு சிறு பையில் தனியாக வையுங்கள், பெட்டியை வாங்கும்போது அந்தப் பையை மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளலாம். எடைக் கட்டுப்பாடு இறுக்கமான சிறிய விமானத்தில் சில நாள் சாமான் பின்தங்கி அடுத்த விமானத்தில் வருவதும் உண்டு. ஒரு மாற்று உடை கைப்பையில் இருக்கட்டும்.

பவர் பேங்க் கைப்பையில்தான், கீழே போகும் பெட்டியில் கூடாது. தேங்காய்க் கொப்பரை அந்தப் பெட்டியில் கூடாது, எளிதில் தீப்பற்றும் பொருள் என்ற கணக்கு. உறவினருக்கு என்று செடி, விதை, பழம் எடுத்துப் போகாதீர்கள். இரு கரையிலும் தாவரத் தடுப்புக்காவல் விதி இருக்கிறது, மல்லிகைப் பதியன் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும்.

நகை நிறையப் போட்டுக்கொண்டு திருமணத்துக்குப் போகிறவர்கள், புறப்படும் முன் திருச்சிச் சுங்கத்தில் நகைகளைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது "இது நான் கொண்டுபோனதுதான்" என்று வாயால் நிறுவுவதைவிட அது எளிது. இந்தத் தடத்தில் தங்கத்தின் மீது அதிகாரிகளுக்குக் கண் அதிகம். நகைக்கடை ரசீதும் எடைச்சீட்டும் கூட இருக்கட்டும். அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

8. பணமும் கைப்பேசியும்

இந்தியாவில் வசிப்பவர் ஒருவர் 25,000 ரூபாய் வரை இந்தியப் பணத்தை வெளியே கொண்டுபோகலாம், திரும்பக் கொண்டுவரலாம். 2025-இல் ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்றரை இலங்கை ரூபாய்க்குச் சற்று முன்பின் கிடைத்தது. விமான நிலையத்தில் ஆட்டோவுக்கும் சிம் கார்டுக்கும் ஆகும் அளவு மட்டும் மாற்றிவிட்டு மீதியை நகரத்தில் மாற்றுங்கள்.

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு பூட்டியே இருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறப்பது வீட்டில் இரண்டு நிமிட வேலை. யாழ்ப்பாணம் போய்ச் செய்யலாம் என்றால் ஓ.டி.பி. வருவதற்கு உங்கள் இந்திய எண்ணில் ரோமிங் வேண்டும், அதுவும் போட்டிருக்க மாட்டீர்கள். இரண்டையும் முந்தின நாளே முடியுங்கள். 2024 பிப்ரவரி முதல் நம் யு.பி.ஐ. இலங்கையில் கியூஆர் மூலம் செல்லும். பெரிய கடைகளில் பயன்படும், அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

9. கிளம்பும் நாள்

திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில், மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். வெளியூர்ப் பேருந்துகள் 2025 ஜூலை முதல் பஞ்சப்பூர் முனையத்துக்கு வருகின்றன. பழைய கணக்கில் மத்தியப் பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம் என்று வந்தால் நேரம் சறுக்கும். பஞ்சப்பூரிலிருந்து விமான நிலையத்துக்கு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள்.

பன்னாட்டுக் கவுண்டர் புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம், சில நிறுவனங்களில் 75 நிமிடம் முன்பே மூடிவிடும். சிறிய விமானம்தானே, கூட்டம் இருக்காது என்று கடைசி நேரத்தில் வருகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். உங்கள் விமானம் சிறியது, ஆனால் நீங்கள் நிற்கும் இமிகிரேஷன் வரிசையில் உங்களுக்கு முன்னால் சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா விமானங்களுக்குப் போகிறவர்கள் நிற்பார்கள். அவை ஒவ்வொன்றிலும் 180 பேர் சுற்றி. மூன்று மணி நேரம் முன்னதாக வருவது அந்த வரிசைக்காகத்தான்.

கவுண்டரில் கொடுக்கும் வரிசை: பாஸ்போர்ட், இ.டி.ஏ. அச்சுப்படி, திரும்பும் டிக்கெட். தங்கும் முகவரியை இமிகிரேஷனிலும் கேட்பார்கள்.

10. பலாலியில் இறங்கியதும்

நிலையம் சிறியது. விமானத்திலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரத்தில் கட்டடம், எழுபது பேருக்கும் சில கவுண்டர்கள். பக்கத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. ஏணிப்படியில் நின்று செல்ஃபி, ஓடுபாதையை வீடியோ எடுப்பது வேண்டாம். கைப்பேசியை வாங்கி அழிக்கச் சொல்வார்கள், உங்களால் பின்னால் இருப்பவர்களுக்கும் தாமதம்.

அதிகாரி கேட்பது மூன்று கேள்விதான்: எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், எதற்கு வந்தீர்கள். சுற்றுலா அனுமதியில் வந்துவிட்டு "கடை போடலாமா என்று பார்க்க வந்தேன்" என்று சொல்லிவைக்காதீர்கள். வணிகத்துக்கு வேறு வகை அனுமதி இருக்கிறது. தமிழில் பேசலாம்.

நகரம் சாலைவழி 18 முதல் 20 கிலோமீட்டர், அரை மணி முதல் முக்கால் மணி நேரம். வெளியே ஆட்டோக்காரர் சொல்லும் விலையை ஏற்பதற்கு முன் பிக்மீ என்ற வாடகை வண்டிச் செயலியில் விலை பாருங்கள். வண்டி அதில் கிடைக்காவிட்டாலும் பேரம் பேச ஓர் எண் கிடைக்கும். உறவினர் வருவதாக இருந்தால் டிக்கெட்டில் இருக்கும் இறங்கும் நேரத்துக்கு முக்கால் மணி நேரம் கழித்து வரச் சொல்லுங்கள்.

11. திரும்பும்போது

பெட்டி கனக்கப்போவது இந்தப் பக்கம்தான். நல்லெண்ணெய், மிளகாய்த்தூள், ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மாவு), பனங்கட்டி (பனை வெல்லம்), பனாட்டு (காயவைத்த பனம்பழக் கூழ்). எண்ணெய் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் போகாது. கீழே போகும் பெட்டியில் என்றால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் உறையில் கட்டி, நடுவில் துணி சுற்றி வையுங்கள். தூளைக் கடையிலேயே வெப்பத்தில் ஒட்டிய பொட்டலமாகக் கேளுங்கள். நூலால் கட்டிய பொட்டலம் திருச்சிக்கு வந்து சேரும்போது வேட்டி சிவந்திருக்கும்.

எஞ்சிய இலங்கை ரூபாயை நகரத்தில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். திருச்சியிலும் சென்னையிலும் அதை வாங்குவோர் சிலர்தான், கொடுக்கும் விலையும் குறைவு. பலாலிக்கு இரண்டரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் போதும். உள்ளே சாப்பிடக் கடைகள் அதிகம் இல்லை, மதியச் சோற்றை முடித்துக்கொண்டே கிளம்புங்கள். திருச்சியில் இறங்கியதும் ஏற்றுமதிச் சான்று வாங்கியவர்கள் அதை மடித்துப் பெட்டிக்குள் வைக்காமல் பாஸ்போர்ட்டோடு கையில் வைத்திருங்கள், சுங்கக் கதவில் பெட்டியைத் திறந்து தேட வேண்டியிருக்காது.